நடுநிலை வகுப்புகளில் வாசிப்புத் திட்டம்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கான வாசிப்புத் திட்டத்தை முதல்முறையாகக் கையில் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இந்தப் பொறுப்பு ஒரு பட்டியலோடும் ஒரு பதிவேட்டோடும்தான் வந்து சேரும். மாதத்துக்கு இத்தனை புத்தகம், நாளுக்கு இத்தனை பக்கம், ஆண்டு இறுதியில் முதல் மூன்று பேருக்குப் பரிசு. அந்தப் பதிவேட்டைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதலில் இந்த வயதைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் மெக்கென்னாவும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரையிலான 18,185 பிள்ளைகளிடம் வாசிப்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, முடிவுகளை 1995இல் வெளியிட்டார்கள். முதல் வகுப்பில் இருந்த உற்சாகம் வகுப்புக்கு வகுப்பு இறங்கி, ஆறாம் வகுப்பில் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தது. வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளிடம் இந்தச் சரிவு இன்னும் கூர்மையாக இருந்தது. ஆக, உங்கள் வகுப்புக்குள் வரும்போதே பலர் பாதி விலகித்தான் வருகிறார்கள்.

இதற்குக் காரணங்கள் உண்டு. நான்காம் வகுப்பை ஒட்டி, வாசிக்கக் கற்பது முடிந்து, கற்பதற்காக வாசிப்பது தொடங்குகிறது என்று வாசிப்பு ஆய்வாளர் ஜீன் சால் 1983இல் விளக்கினார். கதைகள் குறைகின்றன, அறிவியலும் வரலாறும் கனமான சொற்களோடு வந்து குவிகின்றன. வளரிளம் பருவத்தில் பிள்ளைகளுக்குத் தாங்களே முடிவெடுக்கும் ஆசை கூடுகிறது, சரியாக அந்த நேரம் பார்த்துப் பள்ளி பிடியை இறுக்குகிறது என்பது உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸ் 1993இல் முன்வைத்த கருத்து. வாசிப்புத் திட்டமே அந்த இறுக்கத்தின் இன்னொரு கயிறாக ஆகிவிடக் கூடாது.

என் கணக்கில் ஒரு வாசிப்புத் திட்டத்துக்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. ஒரு புத்தகத்தை முடித்த பிள்ளை அடுத்ததைத் தானாகத் தேடுகிறதா? கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதல் படி: ஏன் வாசிக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள்

முதல் இரண்டு வாரங்களுக்கு எந்தப் போட்டியும் வேண்டாம், எந்த இலக்கும் வேண்டாம். வகுப்பில் வாசிக்காத பிள்ளைகள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. சிலருக்கு வாசிக்கவே கடினமாக இருக்கும். சிலருக்கு நன்றாக வரும், ஆனால் ஈடுபாடு இருக்காது. இன்னும் சிலருக்கு ஆசை இருக்கும்; கையில் புத்தகம் இருக்காது, அல்லது வீட்டில் உட்கார்ந்து வாசிக்க ஓர் இடமோ நேரமோ இருக்காது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாருக்கும் ஒரே பரிசுத் திட்டத்தை நீட்டுவதால்தான் பல திட்டங்கள் இரண்டாம் மாதத்திலேயே சோர்ந்துபோகின்றன.

முதல் ரகத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, ஒரு நிமிடம் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வது முக்கியம். 1986இல் பிலிப் காஃபும் வில்லியம் டன்மரும் வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கப்படுகின்றன. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தடுமாறித் தடுமாறி வாசித்தாலும் கதையைச் சரியாகச் சொல்லும் மாணவருக்கும், கடகடவென்று வாசித்துவிட்டு எதுவும் சொல்ல முடியாத மாணவருக்கும் தேவைப்படுவது ஒன்றே அல்ல.

இந்த ஒரு நிமிட வாசிப்பை வகுப்பு முன்னால் ஒருபோதும் வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதில் சக மாணவர்கள் முன் திக்கி நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பதைப் பெரியவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

அப்புறம் ஒரு சிறிய கேள்வித்தாள். "உனக்கு வாசிக்கப் பிடிக்குமா?" என்று கேட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் பதில்தான் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கடைசிப் பக்கம் வரை வாசித்த புத்தகம் எது? பாதியில் விட்டது எது, ஏன் விட்டாய்? ஓய்வு நேரத்தில் எதைப் பார்ப்பாய், எதைப் பற்றி நண்பர்களோடு பேசுவாய்? ஒரு விஷயத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆளாக ஆக முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பாய்? கடைசிக் கேள்வியின் பதில்கள் உங்களுக்குப் புத்தகம் வாங்கும் பட்டியலாகவே ஆகிவிடும்.

இரண்டாம் படி: நேரத்தைப் பிடித்து வையுங்கள்

"வீட்டில் போய் வாசி" என்று சொல்வது வாசிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு மட்டுமே உதவும். ரிச்சர்ட் ஆண்டர்சன், பால் வில்சன், லிண்டா ஃபீல்டிங் மூவரும் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வெளியே நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள். நடுவில் இருக்கும் மாணவர் புத்தகம் வாசித்தது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,82,000 சொற்கள். மிக அதிகமாக வாசித்தவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டினார்கள். அவர்கள் கடந்தது ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இப்படியே ஆண்டுகள் போனால் இரண்டு பிள்ளைகளின் சொல்வளமும் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த இடைவெளியை வீட்டுப்பாடம் நிரப்பாது. பள்ளி நேரத்துக்குள் வாசிப்புக்கு இடம் ஒதுக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வகுப்பு அதற்குப் பழகியதும் பதினைந்து, இருபது என்று நீட்டலாம். வாரம் ஒருமுறை முழுப் பாடவேளை என்பதை விட, தினமும் கொஞ்ச நேரம் என்பது நல்லது; முந்தைய நாள் விட்ட இடம் மனத்தில் இருக்கும்போதே மறுபடி புத்தகத்தைத் திறக்க முடியும். இந்த நேரத்தை, "கணக்கை முடித்தவர்கள் வாசிக்கலாம்" என்ற சலுகையாக வைக்கவே வைக்காதீர்கள். மெதுவாக வேலை செய்யும் பிள்ளைக்கு அந்த நேரம் ஒருநாளும் கிடைக்காது, அவருக்குத்தான் அது அதிகம் தேவை. தேர்வு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுவாகத்தான் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசி, கால அட்டவணையில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எல்லாரும் அமைதியாக வாசிக்கும் இந்த முறையை 1960களில் லைமன் ஹண்ட் என்ற கல்வியாளர் பரப்பினார். ஆசிரியரும் உட்கார்ந்து தன் புத்தகத்தை வாசிக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, பதிவு வைக்கக் கூடாது என்பது அதன் பழைய வடிவம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, இந்த முறை வாசிப்புத் திறனை வளர்க்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தது. வாசிப்பு பயனற்றது என்று அந்தக் குழு சொல்லவில்லை. வெறும் அமைதியும் புத்தகமும் மட்டும் போதும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றுதான் சொன்னது. இதை இரண்டு பக்கத்திலும் தவறாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுபவர்கள் உண்டு.

நடைமுறையில் அந்த அறிக்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: வாசிப்பு நேரத்தில் ஆசிரியர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. முதல் வாரம் நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள், அது நல்ல தொடக்கம். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று பேர் என்ற கணக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று நிமிடம் பேசுங்கள். "எங்கே வந்திருக்கிறாய்? இந்த ஆள் இப்படிச் செய்வான் என்று நினைத்தாயா? ஒரு பத்தி எனக்கு வாசித்துக் காட்டு." அவ்வளவுதான். முப்பது பேர் வகுப்பில் இரண்டு வாரத்தில் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வாசிப்பதாகப் பாவனை செய்பவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை. பாவனை என்றால் கையில் இருப்பது தவறான புத்தகம் என்று அர்த்தம்.

மூன்றாம் படி: அலமாரி

கேய் ஐவியும் கேரன் பிராடஸும் 1,765 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம், வகுப்பில் உங்களை வாசிக்க வைப்பது எது என்று கேட்டு 2001இல் எழுதினார்கள். மாணவர்கள் அதிகம் சொன்னவை இரண்டு: தாங்களாக வாசிக்கக் கிடைக்கும் நேரம், ஆசிரியர் வாசித்துக் காட்டுவது. நல்ல புத்தகங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. கேள்வி பதில் தாள்களுக்காக யாரும் ஏங்கவில்லை.

வகுப்பறையில் ஓர் அலமாரி வேண்டும். பள்ளி நூலகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் புத்தகத்துக்கு ஈடில்லை. மாணவர் ஒருவருக்கு நான்கைந்து என்று தொடங்கினாலே ஒரு வகுப்புக்குப் போதும். முடிந்த அளவு முன் அட்டை தெரியும்படி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கிவிடாமல், பாதியை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிழிந்த, மஞ்சளேறிய, யாரோ கழித்துக் கட்டிய புத்தகங்களால் அலமாரியை நிரப்பாதீர்கள். இதெல்லாம் உங்களுக்குப் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

என்ன வைப்பது? படக்கதைகள், காமிக்ஸ், விளையாட்டு, விண்வெளி, விலங்குகள், எந்திரங்கள், துப்பறியும் கதைகள், பேய்க் கதைகள், வாழ்க்கை வரலாறு, கவிதை, நகைச்சுவை, இதழ்கள். மெலிந்த புத்தகங்கள் நிறைய இருக்க வேண்டும். எண்பது பக்கத்தை முழுதாக முடித்த அனுபவம், முந்நூறு பக்கத்தில் முப்பதோடு நின்றுபோனதை விடப் பல மடங்கு பயன் தரும். தொடர் வரிசையாக வரும் கதைகளுக்குத் தனி மரியாதை கொடுங்கள். ஒரே பாத்திரங்கள், ஒரே உலகம், பழகிய நடை. இரண்டாவது புத்தகத்தைத் தொடங்க எந்த முயற்சியும் தேவையில்லை. "இன்னுமா காமிக்ஸ்?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் நீங்கள் பொறுமையாகப் பேச வேண்டி வரும். காமிக்ஸில் தொடங்கிப் பிறகு கனமான நாவல்களுக்குப் போன வாசகர்கள் அந்தப் பெரியவர்கள் மத்தியிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

தன்னைப் போன்ற பிள்ளைகள் வரும் கதையும் வேண்டும், முற்றிலும் வேறு வாழ்க்கையைக் காட்டும் கதையும் வேண்டும். 1990இல் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் இதைக் கண்ணாடி என்றும் சன்னல் என்றும் சொன்னார். ஒரு பிள்ளைக்குச் சன்னல்கள் மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்தால், தன்னைப் போன்றவர்கள் புத்தகத்துக்கு உரியவர்கள் இல்லை என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

எந்தப் புத்தகம் என்ற முடிவு மாணவருடையதாக இருக்க வேண்டும். ஆனால் "எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்று விட்டுவிட்டால் அனுபவமில்லாத வாசகர் அலமாரி முன் நின்று விழிப்பார். அவருக்கு மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்து, "இதில் எது?" என்று கேளுங்கள். ஐந்து விரல் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம்: ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கும்போது தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும், ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். இது ஒரு கைகாட்டி மட்டுமே. விருப்பம் பலமாக இருந்தால் பிள்ளைகள் தங்கள் நிலைக்கு மேற்பட்ட புத்தகத்தையும் இழுத்துக்கொண்டு போவார்கள், தடுக்காதீர்கள்.

புத்தகங்களின் முதுகில் நிறப் புள்ளியோ எண்ணோ ஒட்டி நிலை பிரிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆசிரியரின் குறிப்பேட்டில் அந்தத் தகவல் இருக்கட்டும். அலமாரியில் வேண்டாம். ஏழாம் வகுப்பு மாணவர் கையில் பச்சைப் புள்ளி இருப்பதை நான்கு பேர் பார்த்தால், அவர் அந்தப் புத்தகத்தை மட்டுமல்ல, அலமாரியையே விட்டுப் போய்விடுவார்.

பாதியில் விட அனுமதி உண்டு என்பதை முதல் நாளே அறிவியுங்கள். இருபது, இருபத்தைந்து பக்கம் வாசித்தும் பிடிக்கவில்லை என்றால் திருப்பி வைக்கலாம். தொடர்ந்து மூன்று நான்கு புத்தகங்களை ஒருவர் விட்டால் மட்டும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நான்காம் படி: நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்

எட்டாம் வகுப்பிலும் செய்ய வேண்டியது இது. வாரம் மூன்று நாள், பத்து நிமிடம். சிரமப்படும் மாணவருக்குத் தானாக எட்ட முடியாத கதை காதின் வழியாகக் கிடைக்கிறது. நன்றாக வாசிப்பவருக்கு நல்ல வாக்கியத்தின் ஓசை கிடைக்கிறது. முன்கூட்டியே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். சுவையான இடத்தில் நிறுத்துங்கள். முடிந்ததும் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வேலை வேண்டாம்.

இதன் தம்பி போல இன்னொன்று இருக்கிறது: இரண்டு நிமிடப் புத்தக அறிமுகம். ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, யார், என்ன சிக்கல் என்று இரண்டு வரி சொல்லி, ஒரு அரைப் பக்கத்தை வாசித்து, சரி, இதை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்திவிடுவது. ஆண்டு முழுக்க மூன்று உத்திகளுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதில் ஒன்றாக இதைத்தான் வைப்பேன்.

ஐந்தாம் படி: பரிசு, புள்ளி, பட்டியல்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது, எனவே கொஞ்சம் நின்று பேசலாம்.

1980களில் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆக்ஸிலரேட்டட் ரீடர்' போன்ற திட்டங்கள் பல பள்ளிகளில் பரவின. புத்தகத்தின் நீளத்தையும் கடினத்தையும் வைத்து அதற்கு ஒரு புள்ளி இருக்கும். மாணவர் வாசித்து முடித்ததும் கணினியில் ஒரு சிறு வினாடி வினா. சரியாகப் பதில் சொன்னால் புள்ளி சேரும். பல பள்ளிகள் அந்தப் புள்ளிகளின் மேல் பரிசுகளையும், மதிப்பெண்ணையும், சுவரில் தரவரிசைப் பட்டியலையும் ஏற்றின. மாணவர் எதை வாசித்தார் என்று ஆசிரியருக்கு உடனே தெரிவதும், சிறு வெற்றிகள் அடிக்கடி கண்ணில் படுவதும் இதில் உள்ள நன்மைகள். ஆனால் புள்ளியே நோக்கமானதும் வாசிப்பு எப்படி வளைகிறது என்று பாருங்கள். வினாத்தாள் இல்லாத புத்தகத்தை எடுப்பதில்லை. புள்ளி குறைவு என்று கவிதையைத் தொடுவதில்லை. கதையின் மேற்பரப்புத் தகவல்களை மட்டும் தேடி வாசிப்பார்கள். வாசித்த நண்பனிடம் கதையைக் கேட்டுத் தேர்வு எழுதுவார்கள். இதைப் பிள்ளைகளின் குறையாகப் பார்க்கக் கூடாது; நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் அவர்கள் தருகிறார்கள்.

பரிசு ஆர்வத்தைக் குறைக்குமா என்ற கேள்வி பழையது. 1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க்கட்டைகளைக் கொடுத்தார். விடுவித்ததற்குப் பணம் பெற்றவர்கள், பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. 1973இல் மார்க் லெப்பரும் டேவிட் கிரீனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் மழலையர் பள்ளியில் ஓவியம் வரைய ஆசை உள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதற்கு எதுவும் இல்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுக்களும் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் கிடைத்த பரிசு கெடுதல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கெடுத்தது, "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்ற ஒப்பந்தம்.

வாசிப்பில் நேரடியாகச் செய்த ஓர் ஆய்வும் உண்டு. பார்பரா மரினக்கும் லிண்டா கேம்ப்ரலும் 2008இல் வெளியிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்குப் பரிசாகச் சிறு பொருட்கள், சிலருக்குப் புத்தகம், சிலருக்கு எதுவுமில்லை. பொருள் பெற்றவர்களின் வாசிப்பு ஆர்வம் மற்றவர்களை விடக் குறைந்தது. புத்தகம் பெற்றவர்களும் எதுவும் பெறாதவர்களும் ஆர்வத்தோடு வாசித்தார்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அது வாசிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்: ஒரு புத்தகம், நூலகத்தில் கூடுதலாக ஒன்று எடுக்கும் உரிமை, அடுத்து அலமாரிக்கு என்ன வாங்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் குழுவில் ஓர் இடம்.

சரி, உங்கள் பள்ளியில் புள்ளித் திட்டம் ஏற்கெனவே நடக்கிறது, உடனே நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்போது என்ன செய்வது? முதலில் சுவரில் இருக்கும் தரவரிசைப் பட்டியலை இறக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பு இருக்காது. அடுத்து, புள்ளியை மதிப்பெண்ணோடு கோத்திருந்தால் அந்த முடிச்சை அவிழ்க்கப் பேசுங்கள். தனிநபர் இலக்குகளை வகுப்பின் கூட்டு இலக்காக மாற்ற முடியுமா என்று பாருங்கள். யார் எவ்வளவு சேர்த்தார் என்று காட்டாத கூட்டு இலக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெதுவாக வாசிப்பவர் மேல் நண்பர்களின் பழி விழும். வினாத்தாள் இல்லாத புத்தகங்களுக்கு, உங்களோடு ஐந்து நிமிடம் பேசினால் போதும் என்று ஒரு வழி திறந்து வையுங்கள். இப்படிச் செய்த பிறகு திட்டத்தின் பெயர் பழையதாகவே இருக்கலாம், உள்ளே காற்றோட்டம் வந்துவிடும்.

பெற்றோர் கையெழுத்துப் போடும் வாசிப்புக் குறிப்பேடும் இதே குடும்பம்தான். சாரா பாக், ஆலிசன் வெஸ்லி இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பேடு கட்டாயமாக இருந்த பிள்ளைகளின் ஆர்வம் இறங்கியது, விருப்பத்துக்கு விடப்பட்டவர்களிடம் கூடியது. அவர்கள் சிறிய வகுப்புப் பிள்ளைகள்தான். பதின்ம வயதை நெருங்குபவர்களிடம் "இருபது நிமிடம் வாசித்தேன்" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பதிவு வேண்டுமென்றால், வாசித்ததையும் விட்டதையும் அடுத்து வாசிக்க ஆசைப்படுவதையும் மாணவர் தனக்காக எழுதி வைக்கும் ஒரு பக்கம் போதும்.

ஆறாம் படி: பேச்சு

இந்த வயதில் ஆசிரியரின் பாராட்டை விட நண்பரின் ஒரு வார்த்தைக்கு எடை அதிகம். "டேய், இதை வாசிச்சியா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. அந்தக் கேள்வி பிறக்க இடம் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம், பக்கத்தில் இருப்பவரிடம் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம். அலமாரியில் ஒரு தட்டை மாணவர்களின் பரிந்துரைக்கு ஒதுக்கி, புத்தகத்துக்குள் ஒரு சிறு சீட்டு: இதை யாருக்குப் பிடிக்கும், ஏன். ஒரே புத்தகத்தில் நான்கைந்து பிரதிகள் கிடைத்தால் நான்கைந்து பேர் சேர்ந்து வாசித்துப் பேசும் வட்டம் நடத்தலாம்; தலைப்பை அவர்களே பிடிக்கட்டும், நீங்கள் ஓரமாக இருந்து கேளுங்கள்.

நீண்ட புத்தக அறிக்கை எழுதச் சொல்வதைப் பாடத்தின் எழுத்துப் பயிற்சிக்கு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் ஒரு வேலை காத்திருக்கிறது என்றால், பிள்ளைகள் முடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள்.

கைபேசியும் காணொளியும்தான் எல்லாவற்றையும் கெடுத்தன என்று புலம்புவதில் நேரம் செலவிட வேண்டாம். அவர்கள் பார்ப்பதையே தொடக்க இழையாகப் பிடியுங்கள். கால்பந்துக் காணொளி பார்ப்பவருக்குக் கால்பந்து வீரரின் வாழ்க்கை வரலாறு, விளையாட்டுச் செயலியில் மூழ்குபவருக்கு அதே மாதிரியான கற்பனை உலகக் கதை.

ஏழாம் படி: வாசிக்கவே சிரமப்படுகிறவர்கள்

முதல் படியில் அடையாளம் கண்ட அந்தச் சிலரை மறந்துவிடக் கூடாது. ஊக்கம் மட்டும் கொடுத்தால் இவர்கள் வாசித்துவிட மாட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலேயே தடுமாறுபவருக்கு, தனியாக, முறையாக, தினமும் கற்பித்தல் வேண்டும். அது வாசிப்புத் திட்டத்தின் வேலை இல்லை, அதற்கு ஒரு ஆசிரியரும் நேரமும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் தெளிவாகச் சொல்லுங்கள். பார்வை, கேட்கும் திறன், கற்றல் குறைபாடு பற்றிச் சந்தேகம் இருந்தால் தாமதிக்காமல் பெற்றோரிடம் பேசி உரியவர்களிடம் அனுப்புங்கள்.

அதற்கிடையில் வாசிப்பு நேரத்தில் அவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒலிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே அச்சைக் கண்ணால் பின்தொடரலாம். வயதுக்கேற்ற விஷயத்தை எளிய நடையில் சொல்லும் புத்தகங்களைத் தேடிப் பிடியுங்கள். குழந்தைத்தனமான அட்டை இருந்தால் தொட மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை கதை வாசித்துக் காட்டும் பொறுப்பை இவர்களிடம் கொடுப்பது. எளிய புத்தகத்தை நான்கைந்து முறை வாசித்துப் பழக அவர்களுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கிறது, சரளமும் வருகிறது. சின்னக் குழந்தைகள் இவர்களை அண்ணா என்றும் அக்கா என்றும் சுற்றி உட்காரும்போது அந்த முகங்களில் வருவதை எந்தப் பரிசாலும் கொண்டுவர முடியாது.

எட்டாம் படி: எதைக் கணக்கில் எடுப்பது

நிர்வாகம் எண் கேட்கும், கொடுங்கள். ஆனால் எந்த எண் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் இவற்றைக் குறித்தால் போதும்: இன்று கையில் புத்தகம் இல்லாதவர்கள் எத்தனை பேர், இந்த மாதம் ஒன்றாவது முடித்தவர்கள் எத்தனை பேர், நண்பர் சொல்லி எடுத்தவர்கள் எத்தனை பேர், முதல் முறையாகத் தானாக வந்து, "அடுத்தது இருக்கிறதா?" என்று கேட்டவர்கள் யார். முதல் எண் இறங்கிக்கொண்டே போக வேண்டும். கடைசிப் பட்டியலில் பெயர் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதிகம் வாசிக்கும் ஐந்து பேரின் சாதனையை வைத்து வகுப்பை மதிப்பிடாதீர்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் அவர்கள் வாசித்திருப்பார்கள்.

முதல் பருவத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் பதற வேண்டாம். தேர்வு மதிப்பெண்ணில் இதன் பலன் சில மாதங்களில் வந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நீண்ட விடுமுறை

பள்ளி மூடும்போது அலமாரியையும் பூட்டிவிடுவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். ரிச்சர்ட் ஆலிங்டனும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளில் செய்த ஆய்வை 2010இல் வெளியிட்டார்கள். கோடை விடுமுறைக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தானே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தார்கள், மூன்று கோடைகளுக்கு. புத்தகம் பெறாதவர்களை விட அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியிருந்தது. வீட்டுப்பாடமோ தேர்வோ வைத்து வந்த முன்னேற்றம் இல்லை அது.

பன்னிரண்டு முடியாவிட்டால் நான்கு கொடுங்கள். விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே அலமாரியை மேசைகளில் பரப்பி, பிள்ளைகள் சாவகாசமாகப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். இரவல் பதிவேட்டில் பெயரும் புத்தகமும் மட்டும் போதும். சில புத்தகங்கள் திரும்பி வராது, சில மழையில் நனைந்து வரும். அந்த இழப்பை ஆண்டுக் கணக்கிலேயே முன்கூட்டி எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், அபராதம் போடும் நிலை வராது. பள்ளி திறந்த முதல் வாரத்தில், திரும்பி வந்த புத்தகங்களைப் பதிவேட்டில் அடித்துக்கொண்டே, எது பிடித்தது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்துப் புதிய ஆண்டின் முதல் புத்தக அறிமுகத்தைச் செய்யலாம்.